வாளுக்கு வாழ்க்கைப்பட்ட நாச்சியார்

முன்னொரு காலத்திலே, அதற்கும் ஒரு மழைக்காலம் முன்னாலே, செம்மண் காட்டுச் சீமையில் ஒரு பாளையக்காரர் இருந்தார். கேட்கிறவர்கள் கேளுங்கள், தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்குங்கள். இந்தக் கதையில் தூக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பாளையக்காரர் பெயர் இரணசூரப் பெருமாள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். தன் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயைக்கூட அவர் எழுந்து விரட்டியது கிடையாது. அதுவாகப் போகட்டும் என்று காத்திருப்பார்.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. பாளையத்தில் ஒரு சட்டம் இருந்தது. துரை வாசல் தாண்டினால் முன்னால் யானை நடக்க வேண்டும், பின்னால் முரசு முழங்க வேண்டும், தலைக்கு மேல் வெண்குடை நிற்க வேண்டும். யானையைக் குளிப்பாட்டி முடித்தால் முரசின் தோல் தளர்ந்திருக்கும். முரசைக் காய வைத்து இறுக்கினால் குடைக்காரனுக்குத் தோள் பிடித்துக்கொள்ளும். குடைக்காரனுக்கு எண்ணெய் தேய்த்து நிமிர்த்தினால் யானை மறுபடியும் சேற்றில் புரண்டுகொண்டிருக்கும். மூன்றும் ஒன்றாகக் கூடி வருவதற்குள் துரை தூங்கிப்போவார்.

ஆகவே இரண்டாவது சட்டம் ஒன்று போட்டார்கள். துரை போக வேண்டிய இடத்துக்குத் துரையின் பொருள் ஏதாவது போனால் போதும், துரையே போன மாதிரி.

மூன்றாவது சட்டமும் உண்டு. துரையின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அரண்மனை மணியக்காரர் ஆதிமூலம் இருபது வருஷமாகத் துரையிடம் குனிந்தே நின்று பேசியவர். துரையின் கால் விரல் பத்தும் அவருக்குத் தனித்தனியே தெரியும். துரை கறுப்பா சிவப்பா என்று கேட்டால் திருதிரு என்று விழிப்பார்.

இந்தத் துரைக்கு மேட்டுப்பட்டிப் பெரிய வீட்டில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் வெயிலுகந்த நாச்சியார். அவளுடைய அப்பா மேட்டுப்பட்டிக்கே பெரியவர். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள், கோபம் வந்தால் உலக்கையை எடுத்து மாவு இடிப்பாள். வேலைக்காரிகள் பத்துப் பேர் இருந்தாலும் கோபத்துக்குத் தானேதான் இடிக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

கல்யாண நாளில் பல்லக்கு வந்து இறங்கியது. உள்ளே ஒரு வாள் இருந்தது. பட்டுத் துணி சுற்றி, பிடிக்குச் சந்தனம் பூசி, கழுத்து மாதிரி இருந்த இடத்தில் மாலை போட்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"இந்தா, இறங்கிட்டாரே!" என்றார் ஆதிமூலம், வாளைத் தூக்கிக்கொண்டு.

மணையில் வாளை நிறுத்தினார்கள். அது சாய்ந்து சாய்ந்து விழுந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, துரையின் அக்கா தாலி கட்டினாள். "மாப்பிள்ளை ரொம்ப ஒல்லி" என்றாள் ஓர் அத்தை. "எலும்புக்குப் பழுதில்ல" என்றாள் இன்னொருத்தி. பந்தியில் வாளுக்குத் தலைவாழை இலை போட்டு, பாயசம் ஊற்றி, அது ஆறும்வரை எல்லோரும் கைகட்டி நின்றார்கள். நாச்சியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பல்லக்கில் வாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் எல்லையைத் தாண்டியபோதுதான் அழுகை வந்தது.

அரண்மனையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. துரை ஒரு காதம் தள்ளி ஏரிக்கரை மாளிகையில் இருந்தார். அங்கே காற்று நன்றாக வரும், தூக்கமும் நன்றாக வரும். அரண்மனையில் நாச்சியாரும் வாளும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வாளுக்கு எண்ணெய் தேய்ப்பாள். தினமும் மதியம் அதன் எதிரில் இலை போடுவாள். "மகாராசா சாப்பிட்டாச்சு" என்று ஆதிமூலம் அறிவித்த பிறகு அவள் சாப்பிடுவாள்.

மற்றப் பெண்கள் கூடி உட்கார்ந்து புருஷன்மாரைக் குறை சொல்லும்போது நாச்சியாருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வாள் குடிக்காது, திட்டாது, குறட்டை விடாது. குறை சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று அவள் ஏங்கினாள். இப்படி ஓர் ஏக்கம் எந்தப் பெண்ணுக்காவது வந்ததுண்டா? வாளைக் கட்டியவளுக்கு வரும்.

ஐப்பசியில் பெரிய மழை பிடித்தது. ஏரிக்கரை மாளிகையின் கூரை, துரையின் கட்டிலுக்கு நேர் மேலே, பொத்தென்று இறங்கியது. யானையைக் குளிப்பாட்ட நேரமில்லை. துரை தலையில் ஒரு வாழை இலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். அரண்மனை வாசலில் நனைந்த கோழியாக ஒருவர் நிற்பதைப் பார்த்துக் காவல்காரர்கள் விரட்டப் போனார்கள். ஆதிமூலம் குனிந்தார். மழையில் கழுவிப் பளபளவென்று இருந்த கால்களைப் பார்த்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நாச்சியார் விழவில்லை. சட்டத்தை மறந்து நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உருண்டை முகம், பயந்த கண்கள், காதோரம் ஒட்டிய வாழை நார்.

"நீங்க யாரு?" என்றாள்.

"நான்தான்... அந்த வாளோட ஆளு" என்றார் துரை.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். துரையும் சிரித்தார். அவரைப் பார்த்து இதற்கு முன் யாரும் சிரித்ததே இல்லை, அது அவருக்குப் பிடித்திருந்தது. அவள் தன் கையாலேயே கேழ்வரகுக் களி கிண்டி, கீரைக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். மூன்று உருண்டை தின்றார். தின்ற கையோடு சாய்ந்து தூங்கினார்.

அப்போதுதான் அந்தக் குறட்டையை அவள் கேட்டாள். அது சாதாரணக் குறட்டை இல்லை. முதலில் திருகை சுற்றுவதுபோல ஒரு 'கொர்ர்ர்ர்'. நடுவில் ஒன்றுமே இல்லை, ஆள் போய்விட்டாரோ என்று பயப்படும் அளவுக்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை, 'ப்பீ'. அரண்மனையில் ஒரு மனிதச் சத்தம் கேட்கிறதே என்று அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

மழை ஒன்பது நாள் பெய்தது. ஒன்பது நாளும் துரை இருந்தார். பத்தாம் நாள் வெயில் அடித்தது, கூரையும் போட்டாயிற்று. "சீக்கிரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு யானையோடு போனார்.

வரவில்லை. ஆனால் நாச்சியார் கர்ப்பமானாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. துரை வர வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். துரையின் தலைப்பாகை வந்தது. வாளின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஆடியில் ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பார்க்கத் துரை வர வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். துரையின் மிதியடிகள் வந்தன. பிள்ளையின் தொட்டிலை மிதியடிகள் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு வாளின் அடியில் வைத்தார்கள்.

பதினாறாம் நாள் பெயர் வைக்க வேண்டும். அந்தச் சீமை வழக்கப்படி தகப்பன் தன் வாயால், பிள்ளையின் காதில், மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். இதற்கு வாளும் உதவாது, தலைப்பாகையும் உதவாது. இந்தத் தடவை வந்தே ஆக வேண்டும் என்று நாச்சியார் நம்பிக்கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கிளி வந்தது.

"மகாராசா கட்டில் பக்கத்துலயே இருந்து வளர்ந்த கிளி, தாயி" என்றார் ஆதிமூலம். "'ராசகெம்பீரன்'னு சொல்ல மகாராசாவே மூணு நாள் பழக்கியிருக்காரு."

மூன்று நாள் பழக்கியது உண்மைதான். ஆனால் கிளி அதற்கு முன் மூன்று வருஷம் வேறொன்றைக் கேட்டிருந்தது. ஊர் கூடி நிற்க, கிளியைப் பிள்ளையின் காதருகே கொண்டுபோனார்கள். கிளி தலையைச் சாய்த்தது. கண்ணை மூடியது.

"கொர்ர்ர்ர்... ப்பீ" என்றது. அதையே மூன்று தரம் சொன்னது.

ஓலை எழுதுகிற கணக்கன் எழுத்தாணியைப் பிடித்தபடி விழித்தான். சொன்னது சொன்னதுதான், எழுதித்தான் ஆக வேண்டும். முதல் பகுதிக்கு எழுத்து இருந்தது, எழுதினான். நடுப் பகுதிக்கு ஒன்றுமில்லை, இரண்டு விரல் இடம் விட்டான். சீழ்க்கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஓலையில் ஓர் ஓட்டை போட்டான்.

பிள்ளையின் பெயர் இப்படியாகக் குறட்டை ஆயிற்று.

செவிலித்தாய் குறட்டை விட்டுப் பாலுக்குக் கூப்பிட்டாள். காவல்காரன் குறட்டை விட்டுக் கையைக் கட்டினான். யாருக்கும் அந்தக் கடைசிச் சீழ்க்கை மட்டும் வராது. நாச்சியாருக்கே வராது. பாதிப் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை பாதி திரும்பிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும். முழுப் பெயரைக் கிளி கூப்பிட்டால்தான் எழுந்து வரும்.

பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்தது. துரையின் பங்காளி வன்னியப் பெருமாள் அப்போதுதான் மூக்கை நுழைத்தான். அவன் ஏழூர் நாட்டாரைக் கூட்டினான்.

"மதினிமேல எனக்கு மரியாதை உண்டு" என்றான். "வாள் தாலி கட்டலாம். ஒத்துக்கிட்டேன். தலைப்பாகை வளைகாப்புக்கு வரலாம். ஒத்துக்கிட்டேன். ஆனா கிளி வாய் எப்படிய்யா தகப்பன் வாய் ஆகும்?"

நாட்டார் மூன்று நாள் வெற்றிலை போட்டு யோசித்தார்கள். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார்கள். வாள் செல்லும், தலைப்பாகை செல்லும், மிதியடி செல்லும். கிளி செல்லாது, ஏனென்றால் அதற்கு உயிர் இருக்கிறது. ஓலையில் ஏறிய பெயரை மாற்ற முடியாது. வருகிற பங்குனி உத்திரத்தன்று அய்யனார் கோயிலில் பிள்ளைக்கு முடியிறக்கும்போது, உச்சிப்பொழுதுக்குள், தகப்பன் தன் வாயால் அந்தப் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாளையம் பங்காளிக்கு. பிள்ளையும் பங்காளி வீட்டில் வளர வேண்டும். நாச்சியார் தாய்வீட்டுக்குப் போக வேண்டியது.

பாளையம் போவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பிள்ளையைக் கொடு என்கிறார்களே!

துரைக்கு மூன்று தரம் ஆள் அனுப்பினாள். மூன்றாம் தரம் ஆதிமூலம் பதில் கொண்டுவந்தார். "'அதான் வாள் போச்சு, தலைப்பாகை போச்சு, மிதியடி போச்சு, கிளியும் போச்சு. இனி கட்டிலைத்தான் அனுப்பணும், அதுல நான் படுத்திருக்கேன்'னு சொல்லச் சொன்னாரு, தாயி."

நாச்சியார் உலக்கையை எடுத்தாள். மூன்று மரக்கால் கேழ்வரகு மாவானது. மூன்றாவது மரக்கால் முடிந்தபோது அவள் முகத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

மார்கழிக் குளிரில் துரைக்கு அந்தக் களியின் ஞாபகம் வந்தது. நாச்சியார் வந்து கிண்டிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் ஏரிக்கரைக்குப் பல்லக்கு போனது. உள்ளே களி கிண்டுகிற துடுப்பு இருந்தது. அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ முடித்திருந்தாள். "நாச்சியார் வந்துட்டாங்க" என்று ஆதிமூலம் அறிவித்தார். சட்டம் சட்டம்தானே! துரை அன்று முழுவதும் துடுப்போடு உட்கார்ந்திருந்தார். பட்டினியாகத்தான்.

தை மாதம் துரைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வலியில் கிடந்தவருக்கு நாச்சியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. முகத்தைப் பார்க்கத்தானே ஆசை என்று அவள் தன் கண்ணாடியை அனுப்பினாள். துரை ஆசையோடு எடுத்துப் பார்த்தார். உள்ளே ஓர் உப்பிய கிழடு, கன்னத்தில் தலையணை மடிப்போடு அவரைப் பார்த்தது.

"பார்த்துட்டு முகம் எப்படி இருந்துச்சு?" என்று நாச்சியார் கேட்டாள்.

"முகத்தைக் கண்டேனா தாயி? காலைப் பார்த்தேன்" என்றார் ஆதிமூலம். "கட்டை விரல் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே இருந்துச்சு. அப்படி நான் பார்த்ததில்ல."

மாசி மாதம் துரை பிள்ளையைக் கேட்டார். இந்தத் தடவை நாச்சியாருக்கு விளையாட்டுத் தோன்றவில்லை. வெகுநேரம் யோசித்தாள். பிள்ளையின் நடைவண்டியை எடுத்தாள். மூன்று சக்கரம், முழங்கால் உயரத்தில் ஒரு கைப்பிடி. பிள்ளை அதைப் பிடித்து நிற்கப் பழகி, தள்ளி நடக்கப் பழகி, பிறகு அதை மூலையில் போட்டுவிட்டு ஓடவும் பழகியாயிற்று. அதைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே அனுப்பினாள்.

வண்டியோடு போன ஆதிமூலம் வண்டியில்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தாயி, மகாராசா அந்தக் கைப்பிடியில கை வச்சாரு. வண்டி உருண்டு சுவத்துல இடிச்சு நின்னுச்சு. 'இது எதுக்கு?'ன்னாரு. 'நடக்கப் பழகுறதுக்கு, மகாராசா'ன்னேன். 'அப்ப இப்ப இது இல்லாம அவன் எப்படி நடப்பான்?'னாரு. 'சின்னத்துரை இப்ப ஓடவே செய்றாரு, மகாராசா'ன்னேன்."

"அப்புறம்?"

"தரையில தண்ணி சொட்டுச்சு, தாயி. மேல பார்க்கலாம்னா சட்டம் இருக்கே. பொறவு கால் ரெண்டும் தரையில ஊணி நின்னுச்சு. இருபது வருஷத்துல அந்தக் கால் தானா எந்திரிச்சு நான் கண்டதில்ல."

நாச்சியார் அன்றைக்கே வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். ஆனால் எழுந்து நின்ற கால் உடனே வந்துவிடவில்லை. யானை, முரசு, குடை மூன்றும் கூட வேண்டுமே! அவை கூடியபோது பங்குனி உத்திரம் விடிந்துவிட்டது. கூடிய பிறகு துரைக்கு இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. நடைவண்டி என்பது பாளையத்தின் வாரிசு அல்லவா? வாரிசு வீடு திரும்பும்போது யானையும் முரசும் குடையும் வாரிசுக்குத்தான். ஆகவே மூன்றும் நடைவண்டியோடு ஊரைச் சுற்றி ராஜபாட்டையில் புறப்பட்டுப் போயின. துரைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மிதியடிகூட இல்லை.

துரை வெறுங்காலோடு குறுக்குப் பாதையில் நடந்தார்.

அய்யனார் கோயிலில் ஏழூரும் கூடியிருந்தது. நடுவில் ஆசனம். ஆசனத்தில் வாள், வாளின் மேல் தலைப்பாகை, கீழே மிதியடிகள், தலைப்பாகையின் மேல் கிளி. தூரத்திலிருந்து பார்த்தால் துரை குறையில்லாமல் உட்கார்ந்திருப்பதாகவே தெரியும். பிள்ளை தாய்மாமன் மடியில் இருந்தான். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

புழுதி படிந்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான்தான் பாளையக்காரன்" என்றார்.

"மகாராசா அங்க உட்கார்ந்திருக்காரு, கண்ணு தெரியலையா?" என்று காவல்காரர்கள் ஆசனத்தைக் காட்டினார்கள்.

ஆதிமூலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் குனிந்து கால்களைப் பார்த்தார். கொப்புளம், முள் கீறல், வெடித்த குதிகால், வீங்கிய விரல்கள். வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மகாராசா கால் பஞ்சு மாதிரி இருக்கும். இது நடந்த கால்."

வன்னியப் பெருமாளுக்கு அந்த முகம் நன்றாகவே தெரியும். சின்ன வயதில் சேர்ந்து கோலி விளையாடியவன்தான். பாளையத்து ஆசை அவன் வாயைக் கட்டியது. "எவனோ வழிப்போக்கன்" என்றான்.

"இவர்தான் என் புருஷன்" என்றாள் நாச்சியார். மூன்று வருஷமாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அப்புறத்துக்கு ஒதுக்கி வைத்தாள்.

"உங்க புருஷன் வாள், தாயி" என்றார் நாட்டார் தலைவர் பணிவாக. "பிள்ளைய விட மனசில்லாம நீங்க யாரை வேணும்னாலும் காட்டலாம். இவர் தகப்பன்னா, ஓலையில இருக்கற பேரைச் சொல்லட்டும்."

துரை மார்பை நிமிர்த்தினார். "ராசகெம்பீரன்! ராசகெம்பீரன்! ராசகெம்பீரன்!" என்றார்.

பிள்ளை திரும்பக்கூட இல்லை. கூட்டம் சிரித்தது. நாச்சியார் கிட்டே போய் மெதுவாகச் சொன்னாள். "அது பேரில்ல. உங்க குறட்டைதான் பேரு. அதை விடுங்க."

"நான் குறட்டையே விடறதில்லையே!" என்றார் துரை. அவர் அதை மனதார நம்பினார்.

"கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன்!"

விட்டுப் பார்த்தார். ஆடு தும்மியது மாதிரி இருந்தது. வன்னியப் பெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உச்சிப்பொழுதுக்கு ஒன்றரை நாழிகைதான் பாக்கி.

நாச்சியார் நாட்டார் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "இவர் வழிப்போக்கராவே இருக்கட்டும். கோயில் வாசல்ல பசிச்சு வந்தவருக்குச் சோறு போடறதுக்குத் தடை இல்லையே?"

தடை இல்லை என்றார்கள். பொங்கல் அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அவளே உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிண்டினாள், கீரைக் குழம்பு ஊற்றினாள். அந்த அவசரத்திலும் கட்டி தட்டவில்லை. துரை மூன்று உருண்டை தின்றார். வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். ஒரு காதம் நடந்த உடம்பு, பிறந்ததிலிருந்து தூங்கிப் பழகிய கண்கள். அப்படியே சாய்ந்துவிட்டார்.

நாவிதர் பிள்ளையின் தலையில் பாதி மழித்திருந்தார்.

"கொர்ர்ர்ர்... ப்பீ."

பிள்ளை வெடுக்கென்று திரும்பினான். கணக்கன் அவசரமாக ஓலையைப் பிரித்து விரலை வைத்தான். எழுத்து சரி, இடைவெளி சரி, ஓட்டையும் சரி. "ஒண்ணு!" என்று கத்தினான்.

வன்னியப் பெருமாளின் சிரிப்பு நின்றது. "இது யாரும் விடறதுதான்" என்று தானும் விட்டுப் பார்த்தான். கடைசியில் சீழ்க்கை வராமல் வெற்றிலைச் சாறுதான் வந்தது.

"கொர்ர்ர்ர்... ப்பீ."

பிள்ளை தாய்மாமன் மடியிலிருந்து இறங்கினான். "ரெண்டு!"

அந்த நேரம் பார்த்து நடைவண்டி ஊர்வலம் வந்து சேர்ந்தது. யானை பிளிறியது. முரசு காது கிழிய முழங்கியது. வன்னியப் பெருமாளும் தன் பங்குக்கு, "எழுந்திருய்யா, எழுந்திரு!" என்று துரையின் காதருகே போய்க் கத்தினான். முழித்துக்கொண்டால் பிள்ளை போச்சு. நாச்சியார் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

இருபது வருஷமாக அதே யானை, அதே முரசு புறப்படக் காத்திருந்தே தூங்கிப் பழகியவர் துரை. அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. இன்னும் வசதியாகப் புரண்டு படுத்தார்.

"கொர்ர்ர்ர்ர்ர்..." என்று தொடங்கினார். நின்றுபோனது. ஏழூரும் மூச்சைப் பிடித்தது. முரசுகூட நின்றது. அப்புறம், மெல்ல, தெளிவாக, "ப்பீ."

தலைப்பாகையின் மேல் இருந்த கிளி படபடவென்று பறந்து வந்து தூங்குகிறவரின் தோளில் உட்கார்ந்தது. பாதித் தலையோடு பிள்ளை ஓடிவந்து அவர் மார்பில் ஏறினான்.

"என்னையவா கூப்பிட்டீங்க?" என்று அவர் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

"மூணு!" என்றான் கணக்கன். நாட்டார் தலைவர் எழுந்து, தகப்பன் தன் வாயால் பெயர் சொன்னது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். வன்னியப் பெருமாள் யானைக்குப் பின்னால் மறைந்து போனான்.

துரை கண் விழித்தார். முரசுக்கு விழிக்காதவர் மூக்கைப் பிடித்ததும் விழித்தார். மார்பின் மேல் பாதி மொட்டையோடு ஒரு சின்ன முகம் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் அதற்குத் தெரியாது.

"நீங்க யாரு?" என்றான் பிள்ளை.

துரை ஆசனத்தைப் பார்த்தார். வாளும் தலைப்பாகையும் மிதியடிகளும் அங்கே கம்பீரமாக இருந்தன. அவற்றைக் காட்டக் கை எழுந்தது. எழுந்த கை பிள்ளையின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

"உங்கப்பன்டா" என்றார். "வர்றதுக்கு ரொம்ப நேரமாயிருச்சு."

நாச்சியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, அன்று ஊர் பார்க்க அழுதாள். பிறகு திட்டத் தொடங்கினாள். கோயிலில் தொடங்கியது அரண்மனை வாசல்வரை நீண்டது. துரை பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, கொப்புளக் காலோடு நடந்து, ஒரு வார்த்தை விடாமல் விழித்திருந்து கேட்டார். யானை பின்னால் சும்மா வந்தது. ஆதிமூலம் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, துரை மாநிறம் என்று தெரிந்துகொண்டார்.

வாளைப் பற்றிக் கேட்கிறீர்களா? முதல் புருஷன் அல்லவா, நாச்சியார் அதைக் கைவிடவில்லை. அரண்மனைச் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்க வைத்துக்கொண்டாள். அதற்கும் அதுதான் பிடித்திருந்ததாம்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, தூங்கி எழுந்தவர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் வேண்டியது நம் பொருளோ பெருமையோ அல்ல, வெறுங்காலோடு வந்தாலும் நாமே வந்து நிற்பதுதான்.